பிழை விட்டவர் எழும்பி வாங்கோ

எங்கள் அப்பாவுக்குப் படிப்பிக்கத் தெரியாது என்று சொல்லும் ஒரு கடதாசி ஏதோ ஓர் அலுவலக அலுமாரியில் இன்னும் கிடக்கிறது. அப்பாவே அதை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தவர் என்றும் சொல்கிறார்கள். செத்தவீட்டுக்கு வந்து, "மாஸ்டரைப் போல ஓர் ஆசிரியர் இனிப் பிறந்துதான் வரவேணும்" என்று மூக்குச் சிந்தியவர்களில் அந்தக் கடதாசியைக் காட்டி அவரை வெளியேற்றியவர்களும் இருந்தார்கள். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு இன்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

அப்பா தென்மராட்சியில் வயல் செய்யும் ஒரு கமக்காரக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணம் முடித்த கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்துக் காடு வெட்டினார். மலேரியாவில் இரண்டு தரம் சாகக் கிடந்து எழும்பினார். வயலுக்கு நடுவில், பழுதான நீரிறைக்கும் இயந்திரங்களைக் கழற்றியும் பூட்டியும் பார்த்தே அந்தத் தொழிலைப் பழகினார். சுற்றுவட்டத்தில் எவருடைய மெசின் நின்றாலும் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். அதனாலேதான் பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கியபோது, இயந்திரம் திருத்தும் ஆறுமாத வகுப்பை அவரிடம் கொடுத்தார்கள். அவர் எவர் வாசலிலும் போய்நின்று கேட்கவில்லை.

வகுப்புக்கு வந்தவர்கள் வளர்ந்தவர்கள், வயிற்றுப்பாட்டுக்குத் தொழில் தேடியவர்கள். முதல் நாளே அப்பா ஒவ்வொருவரிடமும், "பழகி முடிய எந்த ஊரிலை இருந்து வேலை செய்யப் போறியள்?" என்று கேட்டு, பெயரையும் ஊரையும் சுவரில் எழுதினார். துணுக்காய் என்று ஒருவர் சொன்னார். நாயாற்றிலிருந்து வந்தவர், "எங்கடை பக்கம் தோட்டமே இல்லை மாஸ்டர். கடலிலை ஓடுற வள்ளத்து எஞ்சின்தான்" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார். அடுத்த கிழமை அப்பா ஒரு பழைய வள்ளத்து எஞ்சினை பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு ஒரு நாளும் வகுப்புக்கு வராமல் விடவில்லை.

அப்பா குறிப்புச் சொல்லி எழுதவைக்க மாட்டார். கமக்காரரின் மெசினைத்தான் மாணவர் கையில் கொடுப்பார். சொந்தக்காரர் பக்கத்தில் நிற்க, தோட்டத்துக் கிணற்றடியிலேயே அதை இயக்கிக் காட்டவேண்டும். பிழை விட்டால் ஏச்சில்லை. ஆனால் பிழை விட்டவர்தான் அடுத்த நாள் வாத்தியார். பலகைக்கு முன்னால் வந்து, என்ன செய்தேன், ஏன் செய்தேன், இனி எப்படிச் செய்வேன் என்று மற்றவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். அப்பா தம் இடத்தை விட்டு, மாணவர் வரிசையாக இருக்கும் நீட்டு வாங்கில் போய் இருப்பார்.

லெட்சுமி அக்காவை இங்கே பலருக்குத் தெரியும். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்தில் வீடு எரிந்து, மூன்று பிள்ளைகளோடு வந்து மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர். அந்த வகுப்பில் ஒரே பெண். ஒரு நாள் கிணற்றடியில் எத்தனை தரம் கயிற்றை இழுத்தும் அவர் திருத்திய மெசின் இயங்கவில்லை. உள்ளங்கை கொப்பளித்துப் போனது. பெற்றோலில் இயக்கிச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பெற்றோல் தட்டுப்பாடான காலம். மெசின் சொந்தக்காரரான ஏழைக் கமக்காரருக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கலாமென்று லெட்சுமி அக்கா நேரே மண்ணெண்ணெயைத் திறந்துவிட்டார். பிளக் நனைந்துவிட்டது.

"நான் நாளைக்கு வரலீங்க ஐயா. எல்லாரும் சிரிப்பாங்க" என்று அழுதார்.

"சிரிச்சால் நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் வந்து சொல்லாட்டி, இவையள் எல்லாரும் இதே பிழையை விடுவினம்" என்றார் அப்பா.

மறுநாள் லெட்சுமி அக்கா நனைந்த பிளக்கைக் கையில் தூக்கிப் பிடித்து விளங்கப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் மேற்பார்வைக்கு ஒரு பெரிய அதிகாரி வந்து இறங்கினார்.

"மாஸ்டர், நீர் ஏன் வாங்கிலை இருக்கிறீர்?"

"இண்டைக்கு அவாதான் படிப்பிக்கிறா ஐயா. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

மாணவரின் கொப்பிகளைக் காட்டச் சொன்னார். குறிப்பு இல்லை. ஆசிரியர் மாணவர் ஆசனத்தில் இருந்தார், கூலிப்பெண் பாடம் நடத்தினார் என்று எழுதிக்கொண்டு போனார். இயங்கும் மெசின்களைப் போய்ப் பார்க்க அவருக்கு நேரமில்லை! ஒரு கமக்காரரிடமாவது கேட்டாரா? வெள்ளைக் காற்சட்டையில் எண்ணெய் பட்டுவிடுமென்று பட்டறைப் பக்கமே போகவில்லை.

அடுத்த மாதம் வகுப்பை அப்பாவிடமிருந்து பறித்தார்கள். புதிதாக வந்தவர் பிஸ்டனின் வரைவிலக்கணத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ஆறு கிழமைக்குள் வாங்குகள் வெறுமையாயின. லெட்சுமி அக்கா திரும்பவும் புல்லுப் பிடுங்கப் போனார். அப்பா பயிற்சி நிலையம் இருந்த தெருவால் போவதையே விட்டு, சைக்கிளில் சுற்றுப்பாதையால் போய்வந்தார். ஒருநாளும் எவரையும் குறை சொல்லவில்லை.

நோய் முற்றிய கடைசி நாட்களில் அப்பாவை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன உழவு இயந்திரம் வழியில் நின்றபோது, இறங்கித் திருத்திய நாயாற்றுக்காரருக்கும், இரண்டு மாதம் அம்மாவோடு நின்று அப்பாவைப் பார்த்த லெட்சுமி அக்காவுக்கும், அயலவர்க்கும், ஈமக்கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இனி அந்தக் கையெழுத்தின் கதை. மேற்பார்வைக்காரர் அப்பாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார். நான் அப்போதுதான் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை முடித்து, ஆசிரியை என்ற மிடுக்கோடு வீட்டுக்கு வந்திருந்தேன். "வாத்தியார் எண்டால் முன்னுக்கு நிக்கோணும் அப்பா. நீங்கள் செய்தது பிழை. மன்னிப்புக் கேட்டால் விட்டிடுவினம்" என்று சொல்லி, எனக்குப் படிப்பிக்கும் முறை தெரியாது என்ற வசனத்தோடு அந்தக் கடிதத்தை நானே எழுதினேன். அப்பா இரண்டு தரம் வாசித்தார். "நீ படிச்ச பிள்ளை. நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்து வைத்தார். அந்தக் கடிதத்தைக் காட்டியே அவரை வெளியேற்றினார்கள்.

என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது என் பள்ளிக்கூடத்தில் பிழை விட்ட பிள்ளையைப் பலகைக்குக் கூப்பிட்டுவிட்டு, நான் வாங்கில் போய் இருக்கிறேன். அதிபர் கேட்டால் கேட்கட்டும்.

அப்பா, நீங்கள் வாங்கிலை இருங்கோ. இண்டைக்கு நான்தான் பிழை விட்டனான்.