ஆடி போகட்டும் என்று விட்ட நம்பர்

ஹேண்ட்போன் பில் கூடுதலாக வருகிறது என்று அர்ஜுனனிடம் யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், அன்றைக்கு அந்த ஆள் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். "என்னது, மாசா மாசம் பில் கட்டுறீங்களா? காசு ரொம்பச் சேர்ந்து போச்சா அண்ணே?" என்று ஆரம்பிப்பார். எந்தக் கம்பெனி சனி, ஞாயிறில் டேட்டாவை வாரிக் கொடுக்கிறது, எவன் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டுப் பின்னால் பிடுங்குகிறான், எந்த சிம்மைப் புதிதாக வாங்கினால் முதல் மாதம் கிட்டத்தட்டச் சும்மாவே ஓடும், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஜெலுத்தோங் சந்தையில் கோழி வாங்கப் போனால் கோழிக்காரனுக்குக்கூட ஒரு பிளான் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

தொழில் மணவறை அலங்காரம். தூண், வளைவு, துணி, பூ, விளக்கு என்று சகலத்தையும் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு தீவிலும் கடலுக்கு அக்கரையிலும் கல்யாண மண்டபங்களுக்குப் போவார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இந்த போன் பைத்தியம்தான் அவரிடம் கொஞ்சம் அதிகம்.

அவரிடம் எப்போதும் இரண்டு நம்பர் இருக்கும். ஒன்று டேட்டாவுக்கு. சலுகை முடிந்த மறுநாளே அந்த சிம் குப்பைத் தொட்டிக்குப் போகும், வேறொன்று வரும். கூடவே வாட்ஸ்அப்பும் இடம் மாறும். இதில் மனைவி மோகனாவின் நம்பரும் தப்பாது. "அர்ஜுனன் புதுசு", "அர்ஜுனன் ரொம்பப் புதுசு" என்றெல்லாம் பதிந்து வைத்துப் பார்த்த வாடிக்கையாளர்கள் கடைசியில் அலுத்துப்போய், பேசுவதற்கென்று அவர் வைத்திருந்த இன்னொரு பழைய நம்பரையே பிடித்துக்கொண்டார்கள். லாரியின் பக்கவாட்டில், பெயர் அட்டையில், லிட்டில் இந்தியா கடைகளில் தொங்கும் காலண்டரில் என்று எங்கே பார்த்தாலும் அந்த நம்பர்தான். தொழிலே அதில்தான் ஓடியது.

அந்த நம்பரில்தான் நல்லம்மாள் கூப்பிடுவதாக இருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அர்ஜுனனோடு ஒரே லைனில் வேலை பார்த்தவர் நல்லம்மாள். அர்ஜுனன் அந்த வேலையை விட்டுவிட்டு மணவறைத் தொழிலில் இறங்கியபோது ஊரே சிரித்தது. நல்லம்மாள் மட்டும், மூத்த மகன் கல்யாணத்துக்கு நீதான் மணவறை போட வேண்டும் என்று கூப்பிட்டுக் கொடுத்தார். இப்போது சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறார். மகள் தனுஜாவுக்குக் கெப்பாலா பத்தாஸில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. "தேதி முடிவானதும் உனக்குத்தான் முதல் போன் தம்பி" என்று சொல்லியிருந்தார். தனுஜா மயில் நீலத்தில் வேண்டுமென்று ஆசைப்பட்டதால், அர்ஜுனன் தேதி வருவதற்கு முன்பே துணி வாங்கி வைத்துவிட்டார். இந்த ஒரு மணவறையை மட்டும் லாபம் பார்க்காமல் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவர் மனதில் வெகுநாளாக இருந்த எண்ணம்.

இந்த நேரம் பார்த்து வந்து தொலைத்தது ஒரு சலுகை. பழைய நம்பரை மாற்றாமல் அப்படியே எங்கள் கம்பெனிக்குக் கொண்டு வந்துவிடுங்கள், வருஷம் முழுக்கப் பேசுவது இலவசம் என்றது ஒரு விளம்பரம். அர்ஜுனன் அதைத் தலைகீழாக நிறுத்தி ஆராய்ந்தார். ஓட்டையே இல்லை. அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மோகனா வழியை மறித்தார்.

"நேத்தோட ஆனி முடிஞ்சு ஆடி பொறந்துருச்சு. தொழில் நம்பருங்க அது. ஆவணியில மாத்திக்கலாம்லா."

அர்ஜுனனுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ஆடியில் கல்யாணம் வைக்காதவர்களின் காசில்தான் சோறு சாப்பிடுகிறோம், ஆடியைப் பகைப்பானேன் என்று தோன்றியது. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். பழைய கம்பெனியில் நம்பருக்கான கெடு ஆடி முதல் வாரத்தோடு முடிகிறது என்று கைப்பேசி எச்சரித்தது. கொஞ்சம் காசு போட்டு டாப் அப் செய்தால் கெடு நீளும். அங்கேதான் மூளை வேலை செய்தது. அடுத்த மாதம் ஓடிப்போகப் போகிறவன் இவனிடம் எதற்குக் காசு போட வேண்டும்? போகும்போது மிச்சத்தைத் திருப்பியா தருவான்? கெடு முடிந்தாலும் சில வாரம் நம்பரைச் சும்மா பிடித்து வைத்திருப்பான், அதற்குள் ஆவணி வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். ஆடியில் யார் பெரிதாகக் கூப்பிடப் போகிறார்கள் என்று அந்த சிம்மைக் கழற்றி அலமாரியில் வைத்தார். காலியான இடத்தில் இலவச டேட்டா சிம் ஒன்றைச் செருகினார். வாரத்துக்கு ஒரு தடவை மாட்டிப் பார்ப்பதாக உத்தேசம். ஒரு வாரம் மாட்டினார், அப்புறம் மறந்தே போனார்.

ஆவணி பிறந்த அன்று குளித்து, திருநீறு பூசி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஹைக்கலின் போன் கடைக்குப் போனார். ஹைக்கல் நம்பரைத் தட்டினான், உதட்டைப் பிதுக்கினான், மறுபடி தட்டினான்.

"தா போலே, பாங்" என்று, முடியாது அண்ணே என்பதை மலாயில் சொன்னான். "இந்த நம்பர் செத்துப் போச்சு."

போன மாதத்திலிருந்து அந்தக் கம்பெனி, கெடு முடிந்த பிறகு நம்பரைப் பிடித்து வைத்திருக்கும் நாட்களைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டதாம். எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினார்களாம்.

"எந்த நம்பருக்கு அனுப்புனான்?"

"அந்த நம்பருக்குத்தான், பாங்."

அர்ஜுனன் கடையை விட்டு வெளியே வந்தார். வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டார். மலாய்க்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து என்று பாட்டாகப் பாடிவிட்டு, எந்த நம்பரைப் பற்றிப் புகார், அதைத் தட்டு என்றது ஓர் இயந்திரக் குரல். தட்டினார். நீங்கள் தட்டியது எங்கள் நம்பர் இல்லை, மீண்டும் முயலவும் என்றது. மீண்டும் முயன்றார். அதே பதில். இல்லாமல் போன நம்பரைப் பற்றித்தானேடா பேச வந்தேன், சனியனே என்று நடுத்தெருவில் நின்று அதனோடு சண்டை போட்டார். வழியில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

நேரே கம்பெனியின் கவுண்டருக்கே போய் டோக்கன் எடுத்துக் காத்திருந்தார். அங்கிருந்த பெண் சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டாள். சிரித்த முகத்தோடே, அந்த எண் கம்பெனியிடம் திரும்பிப் போய்விட்டது, சில மாதம் கழித்து வேறு யாருக்காவது போகும் என்றாள். அர்ஜுனன் கெஞ்சினார், அதட்டினார், லாரியின் படத்தைக் காட்டினார். அவள் கணினியைப் பார்த்துவிட்டு, கடைசியில் எட்டு எட்டாக வருகிற, சீனர்களுக்கு ராசியான நம்பர் ஒன்று இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள். உங்கள் எட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஆளை விடுங்கள் என்று எழுந்து வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கோபமெல்லாம் மோகனா மேல் திரும்பியது. "எல்லாம் உன் ஆடியால வந்தது."

"மாத்தாதீங்கன்னுதான் சொன்னேன். டாப் அப் பண்ணாதீங்கன்னா சொன்னேன்?" என்றார் மோகனா.

நல்லம்மாளுக்காவது உடனே சொல்லிவிட வேண்டும் என்று, கையிலிருந்த டேட்டா சிம்மின் புது நம்பரிலிருந்து கூப்பிட்டார். நாலைந்து தடவை அடித்த பிறகுதான் நல்லம்மாள் எடுத்தார்.

"அக்கா, நான் அர்ஜுனன். நம்பர் மாறிப் போச்சு..."

"அர்ஜுனன் பேர்லயும் ஆரம்பிச்சிட்டீங்களா? போன மாசம் எங்க மருமகன் பேருல ஒருத்தன் பேசுனான். நல்லாவே இருக்க மாட்டீங்கடா" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. புது நம்பரிலிருந்து தெரிந்தவர் பேரில் பேசிப் பணம் பறிக்கிறவர்கள் பெருத்துப் போன காலம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அர்ஜுனனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளை பெர்ரியில் ஏற்றி அக்கரை போய், லாரிகளுக்கு நடுவே வெந்து வேர்த்து, சிம்பாங் அம்பாட் போய்ச் சேர்ந்தார். நல்லம்மாள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "நேத்துப் பேசுனது நெசமாவே நீதானா?" என்று பதறிப்போய் உள்ளே கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார். பிறகு அர்ஜுனன் முன்னால் ஒரு பத்திரிகையை வைத்தார். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை.

"ஆடி கடைசியில தேதி குறிச்சாங்க தம்பி. அன்னைக்கே உனக்குக் கூப்பிட்டேன். நம்பர் சேவையில இல்லைன்னு மலாய்ல ஒருத்தி சொல்றா. மறுநாளும் அதேதான். மாப்பிள்ளை வீட்டுல அவசரப்படுத்துனாங்க. பட்டர்வொர்த்துல ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்."

"வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கலாமேக்கா."

"அனுப்பியிருக்கலாம்" என்றார் நல்லம்மாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒருத்தன் தொழில் நம்பரையே மாத்திட்டு நமக்கு மட்டும் சொல்லலைன்னா என்னன்னு நினைக்கிறது? இப்பெல்லாம் பெரிய பெரிய கல்யாணம் எடுக்கிறான், இந்த அக்கா வேலை அவனுக்கு வேணாம் போலன்னு நினைச்சுட்டேன். நினைச்சு ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை."

ஆடி, கெடு, சலுகை, சேமிப்பு என்று எதை எடுத்துச் சொன்னாலும் அசிங்கமாக இருக்கும் என்று அர்ஜுனனுக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டியதைத் தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்தார்.

"சரி விடு" என்றார் நல்லம்மாள். "முன்பணம் கொடுத்தாச்சு, அந்த ஆளை இனி வேணாம்னு சொல்ல முடியாது. நீயும் மோகனாவும் முன்வரிசையில வந்து உக்காருங்க, அது போதும்."

உள்ளே இருந்து தனுஜா கைப்பேசியோடு வந்தாள். "அங்கிள், புது நம்பரைச் சொல்லுங்க, நான் பதிஞ்சுக்கிறேன்."

"ஸீரோ ஒன்..." என்று ஆரம்பித்து, பழக்கத்தில் பழைய நம்பரையே பாதி வரைக்கும் சொல்லிவிட்டு நின்றார். புதிய நம்பர் ஞாபகத்துக்கு வரவில்லை. போனை எடுத்து அதில் எங்கே இருக்கிறது என்று தேடினார். தனுஜா கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நல்லம்மாள் மகளின் கையை மெல்லத் தாழ்த்தினார். கோபமாகச் சொல்லவில்லை.

"இருக்கட்டும்மா. அடுத்த மாசம் இதையும் மாத்திருவான். தோணுறப்ப அவனே கூப்பிடட்டும்."

தனுஜா கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, அங்கிளுக்குத் தேநீர் போட உள்ளே போனாள்.