சென்னம்மா தேடிய ஏழுமலை

போர்வெல்லில் தண்ணீர் வந்த பிறகுதான் சென்னம்மாவுக்குத் தொல்லை ஆரம்பித்தது. வராமல் இருந்திருந்தால் மானாவாரியில் வேர்க்கடலை போட்டுக்கொண்டு, மழை பெய்யாத வருஷத்தில் வானத்தைத் திட்டிக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்பாள். தண்ணீர் வந்தது. மோட்டார் இறக்க வேண்டும். மோட்டாருக்குக் கரண்டு வேண்டும். கரண்டு சர்வீஸ் கேட்டுப் போனால், நிலம் யாருடையது என்று காட்டும் பாஸ் புத்தகம் அவள் பெயரில் இருக்க வேண்டும் என்றார்கள்.

ஆந்திராவில் விஜயபுரத்தைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சின்ன ஊர் அவளுடையது. ஒரு காலத்தில் அவள் குடும்பத்துக்குச் சொந்தமாக நிற்கக்கூட இடமில்லை. நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் கல்லும் முள்ளுமாகக் கொஞ்சம் நிலம் பிரித்துக் கொடுத்தபோது, சின்னப்பன் மகன்கள் கன்னையா, ஏழுமலை என்று இரண்டு பேர் பெயரிலும் சேர்த்துப் பட்டா வந்தது. கன்னையா சென்னம்மாவின் அப்பா. அவர் இறந்துபோன பிறகு ஒரே மகளான அவள்தான் அந்த நிலத்தில் பாடுபட்டாள். புருஷன் பிரபாகருக்கு நகரியில் விசைத்தறி வேலை. நிலம், மாடு, ஆபீஸ் எல்லாம் அவள் தலையில்.

ஊர் நிலக்கணக்கைப் பார்க்கும் வி.ஆர்.ஓ. தெலுங்குக்காரர். தமிழும் பேசுவார். பட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கன்னையா செத்துட்டாரு, சர்டிபிகேட் இருக்கு, சரி. இந்த ஏழுமலை எவரு?"

"எங்க சின்ன நைனா, சாரு. நைனாவோட தம்பி."

"எங்க இருக்காரு?"

"தெரியாது. நான் சின்னப் பொண்ணா இருக்கச்சே வூட்ட வுட்டுப் போனவரு."

"உயிரோட இருந்தா இட்டுக்கினு வா. தனக்கு ஆட்சேபணை இல்லேன்னு வாக்குமூலம் குடுக்கட்டும். செத்திருந்தா டெத் சர்டிபிகேட் கொண்டா."

"ரெண்டும் இல்லன்னா?"

"ரெண்டும் இல்லாம ஒரு மனுசன் எப்படிம்மா இருப்பாரு?" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அது விளங்கவில்லை.

சின்ன நைனா செத்துப்போனவர் என்பதில் சென்னம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. அவள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அண்ணனோடு கோபித்துக்கொண்டு போனார், போன இடத்தில் என்னவோ ஆகிவிட்டது என்றுதான் பேச்சு. வருஷா வருஷம் ஆடியில் அவருக்கும் ஒரு இலை போட்டுப் படைத்தார்கள். ஆகவே அவள் நேராக ஊர் அரசாங்க ஆபீஸான கிராமச் சச்சிவாலயத்துக்குப் போய், கம்ப்யூட்டர் பார்க்கும் கிரண்குமாரிடம் டெத் சர்டிபிகேட் கேட்டாள்.

"எப்ப செத்தாரு அக்கா?"

"தெரியாது."

"எந்த ஊர்ல?"

"அத்தயும் நீதாம்பா பாத்துச் சொல்லணும்."

கிரண்குமார் பொறுமைசாலி. தேதி தெரியாமல், ஊர் தெரியாமல் இறப்புப் பதிவைத் தேட முடியாது என்று விளக்கினான். தன் ஊர்ப் பதிவில் பின்னோக்கித் தேடியும் பார்த்தான். அப்படி யாரும் இல்லை.

"அப்போ அவரு சாவலியா?"

"சாவு இங்க பதிவாகல அக்கா. அவ்வளவுதான்."

"அத்தயே எழுதிக் குடு."

பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தான். அதை எடுத்துக்கொண்டு போனால், பதிவு இல்லை என்றால் சாகவில்லை என்றும் ஆகலாமே என்று வி.ஆர்.ஓ. திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாட்டைக்கூடத் திட்டினாள்.

பிறகு அவளும் கிரண்குமாரும் வோட்டர் லிஸ்டில் தேடினார்கள். ஏழுமலை என்ற பெயர் எல்லைப் பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. பாதிப் பேருக்கு வயது பொருந்தவில்லை. மீதிப் பேருக்கு அப்பன் பெயர் பொருந்தவில்லை. சத்தியவேடு பக்கம் ஒரு ஏழுமலைக்கு வயதும் சரியாக இருந்தது, அப்பா பெயரும் சின்னப்பன் என்றே இருந்தது. இரண்டு பஸ் மாறி வெயிலில் போய்ச் சேர்ந்தாள். அந்த மனிதர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். கதை முழுவதும் கேட்டார். அவருக்கு அவளையும் தெரியாது, அவள் ஊரையும் தெரியாது.

"இவ்ளோ தூரம் வந்துட்ட. நான் வேணா ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

நல்ல மனசோடுதான் கேட்டார். சென்னம்மா கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம், வாங்கித்தான் வந்திருக்கலாமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் பட்டாள்.

மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று, வரிசையில் நின்ற ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: ரொம்ப வருஷத்துக்கு முன்னால் திருமலைக்கு மொட்டை போடப் போனபோது, அலிபிரியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவன் ஏழுமலை ஜாடையாக இருந்தானாம். கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டானாம்.

"இத்த ஏன் யார் கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

சென்னம்மா மறுநாள் திருப்பதி பஸ் ஏறினாள்.

அலிபிரியில் மலைப்படி ஏறுகிற இடத்தில் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. செருப்பு வைக்கும் இடம், பை ஒப்படைக்கும் இடம், கடைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஏழுமலை என்று ஒருவரையும் யாருக்கும் தெரியவில்லை. படி ஆரம்பத்தில் கற்பூரமும் தேங்காயும் விற்கிற கிருஷ்ணம்மா என்பவள்தான், கால் நோகிறது என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்த சென்னம்மாவிடம் விவரம் கேட்டாள்.

"ஏழுமலை யாரும் லேது தல்லி. ஏடுகொண்டலுன்னு ஒருத்தரு இருந்தாரு. அரவம் பேசுவாரு. உங்க மாதிரியே."

அரவம் என்றால் தமிழ்.

"நான் தேடறவரு பேரு ஏழுமலைம்மா. ஏடுகொண்டலு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. ஏடுன்னா ஏழு, கொண்டலுன்னா மலை" என்றாள் கிருஷ்ணம்மா, தேங்காய் நாரைப் பிய்த்துக்கொண்டே. "மூட்டை தூக்க ஆள் எடுத்த மேஸ்திரிக்கு ஏழுமலை வாயில நுழையல. ஏடுகொண்டலுன்னு எழுதிக்கிட்டான். எல்லாரும் அப்படியே கூப்டாங்க."

அவர்களைத் தாண்டி ஒரு கும்பல் "ஏடுகொண்டலவாடா, வேங்கடரமணா, கோவிந்தா" என்று கோஷம் போட்டுக்கொண்டே படி ஏறியது. சென்னம்மா தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சந்தையில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று இரண்டையும் ஒரே வாயால் பேசுகிறவள். இந்தக் கோஷத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். எத்தனை ஆபீஸ், எத்தனை பஸ்! இது ஏன் தனக்குத் தோன்றவில்லை? அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை.

"இப்ப எங்க கீறாரு?"

"ஏர்பேடு பொண்ணைக் கட்டிக்கிட்டு அங்கயே போயிட்டாரு. அப்பறம் தெரியாது."

கிரண்குமார் இந்த முறை தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏர்பேடு இப்ப திருப்பதி ஜில்லா அக்கா. நாம சித்தூர் ஜில்லா. ஜில்லா பிரிஞ்சதிலிருந்து அவங்க டேட்டா எதுவும் எனக்குத் திறக்காது." வோட்டர் லிஸ்ட் மட்டும் எல்லோருக்கும் பொதுவானது. ஒவ்வொரு பூத்தாக இறக்கி, இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினார்கள். நடுநடுவே ஆதாருக்கும் பென்ஷனுக்கும் வந்தவர்கள் பின்னால் நின்று முணுமுணுத்தார்கள். ஏர்பேடு மண்டலத்தில் ஏடுகொண்டலுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அப்பா பெயர் சின்னப்பா என்று இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவனுக்கு இன்னும் மீசை சரியாக முளைத்திருக்காது. இன்னொருவர் கிழவர்.

புத்தூரில் ஒரு பஸ், ரேணிகுண்டாவில் ஒரு பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. கீற்றுக் கொட்டகையில் ஒரு கிழவர் எருமைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். பின்பக்கம் பார்த்ததுமே சென்னம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அப்பாவின் அதே கூன்.

"ஏழுமலை" என்று கூப்பிட்டாள்.

கிழவர் உடனே திரும்பவில்லை. கையிலிருந்த வைக்கோலைத் தொட்டியில் போட்டு முடித்தார். பிறகுதான் திரும்பினார்.

"யாரு நீ?"

"கன்னையா பொண்ணு. சென்னம்மா."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாத்துக்கு என்னத் தேடிக்கினு வந்த?" என்றார். அதில் சந்தோஷம் எதுவும் இல்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி யமுனா வந்தாள். யார் என்று தெலுங்கில் கேட்டாள். சென்னம்மாவே தெலுங்கில் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாக யமுனாவின் முகம் மாறியது. தனக்கு யாரும் இல்லை, அநாதை என்று சொல்லித்தான் அவர் அவளைக் கட்டியிருந்தார். கூடப் பிறந்த அண்ணன் ஒருவன் இருந்ததும், அவன் செத்ததும் ஒரே மூச்சில் இப்போதுதான் அவளுக்குத் தெரிய வந்தன. அவருக்கும் இரண்டாவது விஷயம் இப்போதுதான்.

"அண்ணன் எப்ப போனாரு?" என்று கேட்டார்.

"மூணு வருசம் ஆவுது."

மறுபடி எருமைப் பக்கம் போய்விட்டார். போட்ட வைக்கோலையே எடுத்து எடுத்துப் போட்டார். யமுனா அவர் முதுகைப் பார்த்து, நாற்பது வருஷத்துக்கும் சேர்த்து வைதாள். சென்னம்மாவுக்குச் சாப்பாடும் போட்டாள்.

அண்ணனோடு என்ன சண்டை என்று சாப்பிடும்போது சென்னம்மா கேட்டாள்.

"சண்டையா? ஒரு சண்டையும் இல்ல. மொட்டை போடப் போனேன். வேல கெடச்சுது. அடுத்த மாசம் போலாம்னு நெனச்சேன். அப்பறம் அதுக்கு அடுத்த மாசம். வருசம் ஆயிடுச்சு. அதுக்கு மேல வந்தா, இன்னான்னு கேப்பாங்களேன்னு வெக்கமாப் பூட்டுது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நாங்க உனுக்கு வருசா வருசம் எலை போட்டுப் படைச்சிக்கினு கீறோம், சின்ன நைனா."

"இன்னா வெச்சீங்க?"

"கருவாட்டுக் கொழம்பு."

"எனுக்குக் கருவாடு ஆவாதே. அண்ணனுக்குத் தெரியுமே" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கையெழுத்து என்றதும் மட்டும் முரண்டு பிடித்தார். பென்ஷன் ஏடுகொண்டலு பெயரில் வருகிறது, வேறு பெயர் இருக்கிறது என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று பயம். யமுனாதான் சட்டையை எடுத்துக் கொடுத்து அனுப்பி வைத்தாள்.

வி.ஆர்.ஓ. கிழவரின் ஆதாரைப் பார்த்தார். பட்டாவைப் பார்த்தார். சென்னம்மாவைப் பார்த்தார்.

"இவரு ஏடுகொண்டலு."

"ஏழுமலைதான் சாரு. தெலுங்குல அப்படி ஆயிட்டாரு."

"எனக்குப் புரியுதும்மா. பேப்பருக்குப் புரியணுமே. ரெண்டும் ஒரே ஆள்னு ப்ரூஃப் கொண்டா."

பள்ளிக்கூடம் போயிருந்தால் பதிவு இருக்கும், அவர் போனதில்லை. பழைய ரேஷன் கார்டு இருந்தால் இருக்கும். அதைக் கரையான் தின்றிருந்தது. சென்னம்மா அந்த ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"செத்திருந்தா ப்ரூஃப் வேணும்னீங்க. உயிரோட இட்டுக்கினு வந்தா, அவருதானான்னு ப்ரூஃப் கேக்கறீங்க. நான் இன்னும் இன்னா சாரு பண்ணணும்?"

அவள் கத்தவில்லை. குரல் கீழே போய்விட்டிருந்தது. வி.ஆர்.ஓ. கொஞ்ச நேரம் பேனாவை மூடியும் திறந்தும் விட்டு, நோட்டரி பத்திரத்தோடு மனு கொடுக்கச் சொன்னார். ஊரில் விசாரணை வைக்கலாம், அடையாளம் சொல்ல வயசானவர்கள் இருந்தால் போதும் என்றார்.

விசாரணை அன்று பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஐந்தாறு கிழவர்கள் கூடினார்கள். இவன்தான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஏழுமலை உயரமாச்சே என்று ஒருவர் சந்தேகப்பட்டார். வயசானால் குறுகத்தானே செய்வான் என்று இன்னொருவர் அவரோடு சண்டைக்குப் போனார். கடைசியில் வி.ஆர்.ஓ. நிலத்தைக் காட்டச் சொன்னார். ஏழுமலை யாரையும் கேட்காமல் முன்னால் நடந்தார். வடக்கு மூலையில் பாறை ஒன்று இருக்கிறது என்றார். அதைப் புரட்ட முடியாமல் தானும் அண்ணனும் அப்படியே விட்ட கதையையும் சொன்னார். பாறை அங்கேதான் இருந்தது. சென்னம்மா இன்றைக்கும் அதைச் சுற்றித்தான் ஏர் ஓட்டுகிறாள். அதற்கு மேல் யாரும் சந்தேகப்படவில்லை.

வாக்குமூலத்தில், அண்ணன் பங்கு சென்னம்மா பெயருக்குப் போகச் சம்மதம் என்று சொன்னார். தம்பி பங்கையும் அவளுக்கே எழுதிவிடலாமா என்று வி.ஆர்.ஓ. கேட்டார். அப்படித்தான் என்று சென்னம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சாரு. என் பேரு இருக்கட்டும்."

"சின்ன நைனா, நீ இன்னா பயிர் வெக்கப் போறியா?"

"நீயே வெச்சுக்கோ. வெளைஞ்சதத் துன்னு. எனுக்கு ஒண்ணும் வேணாம். பேரு மட்டும் இருக்கட்டும்." பட்டாவைக் காட்டினார். "ஆதார்ல ஏடுகொண்டலு. வோட்டுல ஏடுகொண்டலு. கல்யாணப் பத்திரிகையில கூட ஏடுகொண்டலு. ஏழுமலைன்னு இந்த ஒரு எடத்துலதான் கீது."

சென்னம்மாவுக்குத் திட்டு வாய் வரைக்கும் வந்தது. இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டாள். பஸ் ஏற்றி விடும் வரை அவரோடு பேசவில்லை. டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

பாஸ் புத்தகம் வந்தது. சென்னம்மா, ஏழுமலை என்று இரண்டு பெயரும் சரியாகவே இருந்தன. கரண்டும் வந்தது, மோட்டார் ஓடுகிறது, இந்தப் பருவத்தில் வேர்க்கடலையோடு கொஞ்சம் நெல்லும் வைத்திருக்கிறாள். ஆனால் கரண்டு சர்வீஸுக்கும் இரண்டு கையெழுத்து, பயிர் இன்சூரன்சுக்கும் இரண்டு கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் புத்தூர், ரேணிகுண்டா, ஷேர் ஆட்டோ.

"தெரியாத்தனமாத் தேடிப் புடிச்சேன்" என்று பிரபாகரிடம் புலம்புகிறாள். போகும்போதெல்லாம் யமுனா சாப்பாடு போட்டுத்தான் அனுப்புகிறாள். கிழவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, தெலுங்கில் ஒவ்வோர் எழுத்தாக ஏழுமலை என்று எழுதி முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விடுகிறது.