கோமாளியின் கை

அடையாறு வீட்டுக் கூடத்தில் என் மகளும் தம்பி மகளும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். “அத்தே, யாரு ஒசரம்னு சொல்லு!” என்றாள் தம்பி மகள்.

எனக்கு அந்தத் தகரக் கோமாளி ஞாபகம் வந்தான். என் சின்ன வயதில், கடற்கரைச் சாலையில் தீம் பார்க் திறந்த புதிதில், ரோலர் கோஸ்டர் வாசலில் கை நீட்டி நிற்பான். தலை அவன் கையைத் தொட்டால்தான் ஏறலாம். என்னைவிட இரண்டு வயது சின்னவனான தம்பிக்குத் தொட்டது. எனக்கு ஒரு விரற்கடை குறைந்தது.

“பாப்பா, நீ ஓரமா நில்லும்மா,” என்றார் டிக்கெட்காரர்.

தம்பியின் செருப்பைக் கையில் பிடித்தபடி, புதுப் பெயின்ட் வாசனையில் நின்றேன். மேலேயிருந்து கத்தினான்: “அக்கா, கடல் தெரியுது!” அங்கிருந்து கடல் தெரியாது என்று இன்றுவரை சாதிக்கிறேன்.

“சொல்லு அத்தே!”

என் மகள் குதிகாலைத் தூக்கி எக்கிக்கொண்டிருந்தாள். பார்த்தேன்.

“இவதான்,” என்று என் மகளையே காட்டினேன்.