மூட வந்தவருக்கு மாலை

அன்பான சபையாரே, கர்த்தர் எனக்குச் செய்ததை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பொருளாதார நெருக்கடிக்கு அடுத்த வருஷம். கலகெதரப் பக்கம் கொரியர்களின் கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தேன். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு அது பெரிய வேலை. கணவர் காலமாகிவிட்டார். மகளுக்கு ஐந்து வயது. தொழிற்சாலையை மூடப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. மூடினால் எனக்குக் குவைத்தில் வீட்டு வேலை, மகள் என் அக்கா வீட்டில். வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்காரர் என் பாஸ்போர்ட்டைக்கூட வாங்கி வைத்துவிட்டார். பிள்ளை தூங்கும்போது முகத்தைப் பார்த்து அழுவேன்.

புதிய பணிப்பாளர் வருகிறார் என்றார்கள். பெயர் ஹான். ஏற்கெனவே வேறு நாடுகளில் தொழிற்சாலைகளை மூடியவராம். "ஆண்டவரே, இந்த மனுஷன் வரக் கூடாது" என்று உபவாசமிருந்து ஜெபித்தேன். "அவர் விசாவைத் தடுத்துவிடும், ஆண்டவரே" என்று கர்த்தருக்கு யோசனையும் சொன்னேன். சொன்ன நாளில் ஹான் வந்து இறங்கினார். அன்று நான் ஜெபிக்கவேயில்லை.

நம் ஊர் வழக்கம் தெரியும்தானே. மூட வந்தவருக்கு மாலை, வெற்றிலை, குத்துவிளக்கு. வந்தவரின் பெருமையை வாசிக்கும் வேலையை, ஆங்கிலம் தெரியும் என்று முகாமையாளர் என் தலையில் கட்டினார். சிறு வயதில் கனடாவில் பள்ளிக்கூடம், லண்டனில் பட்டம், அமெரிக்காவில் மேற்படிப்பு, வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் பெரிய பதவிகள். "இப்படிப் படிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று நானாக ஒரு வரியும் சேர்த்தேன்.

ஹான் எழுந்து ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். "நான் கனடாவில் படிக்க, அப்பா சியோலில் தனியாக இருந்து உழைத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை விமான நிலையத்தில் பார்ப்பேன். ஒரு தடவை அவரை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டேன்."

அந்த வரியோடு மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். பெரியவர்கள் கேட்டால் "ஒன்னுமில்ல சேர்" என்பதுதான் எங்கள் பழக்கம். பக்கத்தில் நின்ற, என் பகுதியில் வேலை செய்யும் செல்வி என் கையைக் கிள்ளினாள்.

"சொல்லிருங்கக்கா. சும்மா இருந்தா நம்ம எல்லாத்துக்கும் குவைத்துதான்."

சொன்னேன். "மூடினால் என் மகளும் ஒருநாள் என்னைத் தாண்டிப் போவாள், சேர்." இப்படிப் போக வேண்டி வரும் அம்மாமார் வேறு யார் என்று அவர் கேட்டார். கைகள் உயர்ந்துகொண்டே போயின. அவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்று எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பிறகு தலைமையகத்தோடு மல்லுக்கட்டினாராம். மழைக்காலத்துக்கு முன் முடிவு வந்தது. பொதி செய்யும் பகுதியை மூடி, அங்கிருந்தவர்களைத் தையலுக்கு மாற்றினார்கள். தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. ஏஜென்சியில் போய்ப் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கினேன்.

ஹான் கர்த்தரை அறிந்தவரா என்று எனக்குத் தெரியாது. யார் வரக் கூடாது என்று அழுதேனோ, அவரைக் கொண்டுதான் கர்த்தர் பதில் தந்தார். உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்துகொண்டிருக்கலாம். நம்பி ஜெபியுங்கள். யோசனை சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.

மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு. காலையில் தலை வாரிவிடும்போது, "மெதுவாம்மா, வலிக்குது" என்று சிணுங்குவாள். அதைக் கேட்கிற இடத்தில் கர்த்தர் என்னை வைத்திருக்கிறார்.