அம்மாவின் ஒருசந்தி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே பக்தி மிகுந்தவள் என் அம்மாதான் என்று சின்ன வயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். மற்றவர்கள் தவக்காலத்தில் மட்டும் ஒருசந்தி இருப்பார்கள். ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு, ஈஸ்டர் வந்ததும் விட்டதைப் பிடிப்பார்கள். அம்மா ஈஸ்டர் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. எங்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்டுவிட்டு, தான் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள்.

கோதுமை மாவின் விலை வாரத்துக்கு வாரம் ஏறிய வருடம் அது. அப்பா பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்கினார். டீசல் கிடைக்காமல் லொறிகள் நின்றபோது தூக்குவதற்கு மூட்டையும் இல்லாமல் போயிற்று. உரமில்லாத மலையில் கொழுந்தும் குறைந்தது. நிறை போதாது என்று அம்மாவுக்கு அரைநாள் சம்பளம் மட்டும் விழுந்த நாட்களே அதிகம். இதெல்லாம் பெரியவர்களின் பேச்சு. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரொட்டி மெலிந்துகொண்டே போனதுதான். தூக்கிப் பிடித்தால் ஜன்னல் தெரிகிறது என்று அக்கா கேலி செய்வாள். அவள் அந்த வருடம் பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பரீட்சை வரை படித்து வந்த முதல் ஆள் அவள்தான்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அதே லயத்தின் கடைசி காம்பராவில் இருந்தாள். யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று வாசலில் நின்றே சொல்லக்கூடிய மூக்கு அவளுக்கு. ஒருநாள் நாங்கள் சாப்பிடும் நேரம் பார்த்து வந்தவள், அம்மாவின் தட்டு எங்கே என்று கேட்டுவிட்டாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அம்மாவிடம் ஒன்பது பறந்திருக்கலாம், மானம் மட்டும் பறக்கவில்லை.

"அந்தோனியாருக்கு ஒருசந்தி நேந்திருக்கேங்க அண்ணி. பெரியவ சோதனை பாஸாகணும்னு."

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. அதிலும் அத்தையின் வாய். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்த பெண்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மகளுக்காக இப்படி வயிற்றைக் கட்டுகிற தாய் உண்டா என்று பேசிக்கொண்டார்களாம். நான் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து திரிந்தேன்.

அப்புறம் ஒருநாள் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாள். நாலைந்து பெண்கள் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அத்தை முகத்தில் தண்ணீர் தெளித்து, நெற்றியில் சிலுவை போட்டு, தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"போதும் புள்ள. சாமி பாத்துட்டாரு. வர்ற ஞாயித்துக்கெழம சோறு போட்டு நேத்திய முடிச்சிரு."

எங்கள் லயத்து வழக்கம் அப்படி. ஒருசந்தி நேர்ந்தவர்கள் லயத்துக்கே சோறு போட்டுத்தான் அதை முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருக்காக நேர்ந்தார்களோ அவர்களுக்குக் குற்றம் வந்து சேரும். அம்மா எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். சுற்றிலும் நின்ற முகங்களைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். சரிங்க அண்ணி என்று மட்டும் சொன்னாள். வீட்டில் விருந்து என்று நான் கைதட்டிக் குதித்தேன்.

அடுத்த சம்பளம் வரைக்கும் என்று தகரத்தில் ஒளித்து வைத்திருந்த அரிசி முழுவதும் அந்த ஞாயிற்றுக்கிழமை உலைக்குள் போனது. முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியும் போனது. அப்பா லயத்தின் பின்பக்கம் போய் உட்கார்ந்தவர் சோறு வடித்த பிறகுதான் எழுந்து வந்தார்.

எங்கள் பந்தியில் உப்புப் போதாது என்று சொல்ல எப்போதும் ஒரு ஆள் இருப்பார். அன்றைக்கு எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். கை கழுவும்போது அடுத்த வீட்டுக்காரி, தானும் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒருசந்தி பிடிக்கப் போவதாகச் சொன்னாள். இன்னொருத்தி முருகனுக்கு விரதம் என்றாள். கடைசியில் அத்தையும் தனக்கு ஒரு நேர்த்தி பாக்கி இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கீழே பார்த்தாள். என்ன வேண்டுதல் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் லயமே புனிதர்களின் லயம் ஆகிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நேர்ந்தவள் கடைசியாகத்தான் சாப்பிட வேண்டும். அம்மாவின் முறை வந்தபோது பானையில் ஒன்றுமில்லை. அதில் தண்ணீர் ஊற்றி அலசிக் குடித்தாள்.

அடுத்த வாரமே அத்தை ஒரு செய்தி கொண்டுவந்தாள். கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் தேடுகிறார்களாம். அப்பா வேண்டாம் என்றார். ஆனால் அவர் குரலில் பலமில்லை. அக்கா புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அங்க மூணு வேளையும் சாப்பாடு குடுப்பாங்களாம்மா?"

"குடுப்பாங்களாம்" என்றாள் அம்மா.

பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் அக்கா ஹாலிஎலவில் ரயில் ஏறினாள். ஜன்னலோரத்தில் அவளுக்கு இடம் கிடைத்ததைப் பார்த்து, என்னையும் அனுப்பு என்று அழுது அம்மாவிடம் அடி வாங்கினேன். அவளுடைய அன்றைய வயதை நான் இப்போது தாண்டிவிட்டேன். அவள் அந்தப் பரீட்சையை எழுதவேயில்லை.

அன்று மாலை வழக்கமான மாவுதான், வழக்கமான ரொட்டிதான். ஆனால் அம்மா எங்களோடு உட்கார்ந்தாள். ஒரு ரொட்டியை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிறிது சிறிதாகப் பிய்த்து முழுவதையும் சாப்பிட்டாள். அம்மாவின் நேர்த்தி நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அது அக்காவின் ரொட்டி என்று எனக்குத் தெரியவில்லை.