எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். பனகல் பார்க் சிக்னலில் ஒரு ஆட்டோவின் கண்ணாடியைப் பிய்த்து எறிந்திருக்கிறேன். ஆபீஸில் இரண்டு கீபோர்டுகளை மேஜை விளிம்பில் அடித்து உடைத்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தரையில் சிதறிய எழுத்துகளைப் பொறுக்கி, ஊதித் துடைத்து, திரும்ப மாட்டிக் கொடுப்பவன் என் பக்கத்து சீட்டு நண்பன். சிந்தாதிரிப்பேட்டைக்காரன். ஒவ்வொரு முறையும், "அடுத்த தபா என்னியத்தான்டா அடிப்ப" என்பான்.

தி. நகரில் புடவைக் கடைகளுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். ஐரோப்பாவில் ரொட்டி, பால், வாடகை, மின்சாரம் எல்லாம் மாதாமாதம் எவ்வளவு விலை ஏறின என்று ஒரு வாடிக்கையாளருக்கு அறிக்கை அனுப்புவோம். என் வீட்டில் தக்காளி என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒரு குளிர் நாட்டில் வெண்ணெய் விலை ஏறியது எனக்குத்தான் முதலில் தெரியும்.

அந்த எண்களை அங்குள்ள அரசு இணையதளத்திலிருந்து எடுத்து வரும் டூலை எழுதியவன் நான். நாடு, பொருள், மாதம் மூன்றையும் கொடுத்தால் எண் வந்து விழும். ஒருமுறை எடுத்த எண்ணைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை கேட்டால் தளத்துக்குப் போகாமல் அதையே தரும். அந்த வேகத்தைப் பார்த்து எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். எண்ணை யாரும் கையால் தட்டக்கூடாது என்று ஆபீஸில் சட்டமே போட்டார்கள். தட்டினால் வேலை போய்விடும்.

ஒரு மத்தியானம், பக்கத்து சீட்டு நண்பன் தயாரித்த அறிக்கையில் ஒரு நாட்டின் ரொட்டி எண் என் டூல் தந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். கையால் தட்டியிருக்கிறான் என்று மேலாளர் முன்னாலேயே சொன்னேன். வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். என் டூலை ஒருவன் நம்பவில்லை என்பதே எனக்குப் பொறுக்கவில்லை.

அவன் மறுக்கவில்லை. "ஆமா, தட்னேன். சைட்டுல இப்ப அதான் கீது மச்சி. உன் டூலு போன மாசம் எட்த்ததையே கக்கிக்கினு கீது."

சிரித்துக்கொண்டே சொன்னான். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

வலது கையால் ஓங்கி விட்டேன். இடது காதோடு சேர்த்து விழுந்தது. தடுமாறினவனின் சட்டையைப் பிடித்து இழுத்து இன்னொன்று கொடுத்தேன். அவனும் சும்மா இருக்கவில்லை. நெற்றியால் முட்டி என் உதட்டைக் கிழித்தான். வாயில் ரத்தம் உப்புக் கரித்ததும் எனக்கு வெறி ஏறிவிட்டது. அவன் தலையைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினேன், கீபோர்டை அடிக்கிற மாதிரியே. நாற்காலி உருண்டது, மானிட்டர் சாய்ந்து உடைந்தது. நான்கு பேர் சேர்ந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். அப்போதும் காலால் உதைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் எழுந்து காதைப் பொத்திக்கொண்டு, ஙொய் என்று கேட்கிறது என்றான். கையால் தட்டியதற்காக மேலாளர் அவனை இனி வர வேண்டாம் என்றார். எனக்குக் கிடைத்தது ஒரு எச்சரிக்கை.

நான்தான் சரி என்று நிரூபிக்க வேண்டும் என்ற வெறியில், உதட்டில் கைக்குட்டையை வைத்து அழுத்தியபடி தளத்தைத் திறந்தேன். அவன் தட்டிய எண்தான் அங்கே இருந்தது. முதலில் வெளியிடுவது தற்காலிக எண், பிறகு திருத்துவார்கள். தற்காலிகம் என்று காட்ட, எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்து வரும். அந்த எழுத்தைக் குப்பை என்று நினைத்து வெட்டி எறியும்படி எழுதி வைத்திருந்தவன் நானேதான். என் டூல் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

டூலில் ஒரு சிறு பிழை இருந்தது என்று மேலாளருக்கு மெயில் அனுப்பினேன். பிழை யாருடையது என்று எழுதவில்லை. அவர் அவனைத் திரும்பக் கூப்பிட்டார், அவன் வரவில்லை. செவிப்பறை கிழிந்து, உள்ளேயும் அடிபட்டு, அடையாற்றில் ஒரு டாக்டர் இடது காது இனித் தேறாது என்று சொல்லிவிட்டதாக ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். டூலை மெயில் அனுப்பிய அன்றே திருத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு முறையும் தளத்தில் புதிதாகக் கேட்கிறது. எழுத்தையும் சேர்த்துக் காட்டுகிறது.

சில மாதங்கள் கழித்து, பார்க்க வேண்டும் என்று அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். பெசன்ட் நகருக்கு வந்தான். அலைப்பக்கம் அவனும், அவன் இடப்பக்கம் நானுமாக ஊரூர் குப்பம் வரை நடந்தோம். அங்கே ஒரு அம்மா பெரிய மீன் ஒன்றைக் கட்டையில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் என் கை தானாக இறுகியது. இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியதும் சொல்லிவிட்டேன்.

"தப்பு என்னோடதுதான்டா. மன்னிச்சிடு."

அவன் திரும்பவில்லை. இரண்டடி முன்னால் போய்க் குனிந்து, "வஞ்சரம் இன்னா வெலம்மா?" என்று கேட்டான்.

கோபத்தில் இருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த அம்மா சொன்ன விலை காதில் விழாமல், அவன் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினான். அப்போதுதான் நான் எந்தப் பக்கம் நின்று பேசினேன் என்பது புரிந்தது.

வலப்பக்கம் போய் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை.