அதே பெயரில் சேமித்தது

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பாட்டு வாத்தியார். அடுத்த அறையில் தமிழ் எடுத்த டீச்சருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டுக்காரருக்குப் பத்து வருஷமாகப் பார்வை இல்லை. தினமும் வெள்ளனே எழுந்து அவருக்குப் பேப்பர் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் டீச்சர் பள்ளிக்கு வருவார்.

"சார், உங்ககிட்ட நல்ல மைக் இருக்குல்ல? நான் பேசுறத எடுத்துக் குடுங்க. என் முகந்தான் அவருக்கு இல்லாமப் போச்சு. குரலாச்சும் கெடக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக இசை அறைக்கு வந்தார். எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை; நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னார். பெண் பார்க்க வந்தவர் மலைப்பாதையில் வாந்தி எடுத்து, வெளிறிப்போய் வாசலில் நின்றது. பூண்டி கிராமத்தில் முதல் வேலை. அங்கே தோட்டத்திலிருந்து மண் கையோடு வகுப்புக்கு ஓடிவரும் பிள்ளைகள். இரண்டு மணி நேரம் பேசினார். குரல் கம்மும்போது வெந்நீர் குடித்துக்கொண்டார். எல்லாம் என் லேப்டாப்பில் ஒரே ஃபைலாகப் பதிவானது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மதுரைக்குப் போய்விட்டார். மறுநாள் ஆபரேஷன். இடையில் மகளுக்கென்று சொன்ன மூன்று நிமிஷப் பேச்சை மட்டும் வெட்டி அவளுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். முதல் பாட வேளை மணி அடிக்கப் போகிற அவசரத்தில் மிச்சத்தையெல்லாம் அழித்து, அந்த மூன்று நிமிஷத்தை வைத்து, சேவ் கொடுத்தேன். புதுப் பெயர் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பழைய ஃபைலின் மேலேயே எழுதவா என்று அது கேட்டது. படிக்காமலே ஆமாம் என்று அழுத்தி, மூடிவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு இரைச்சலை நீக்கலாம் என்று முழுப் பதிவைத் திறந்தேன். மூன்று நிமிஷம்தான் இருந்தது. வேறு எங்கும் பிரதி இல்லை. அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் இரண்டை இறக்கிப் பார்த்தேன். உடைந்த துண்டுகூடக் கிடைக்கவில்லை.

ஐந்து மணிக்கு போன். டீச்சர்தான், ஆஸ்பத்திரியிலிருந்து.

"சார், நான் பேசுனது நல்லா வந்திருக்கா?"

"நல்லா வந்திருக்கு டீச்சர்."

"அப்பாடா. இனி பயமில்ல. ஜெபம் பண்ணிக்கோங்க."

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட நினைத்தேன். எப்படியாவது மீட்டுவிடலாம், இந்த நேரத்தில் அவரை ஏன் கலக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான். அவர் கையில் போன் இருந்தது, குரலும் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கழுத்தில் துணி கட்டியிருந்தார். இருவரையும் உட்காரவைத்து, தொலைந்தது எப்போது தெரிந்தது என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் தள்ளினார்.

"என்ன எழுதுறா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். வாசிக்க அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

"'போன்லயே சொல்லியிருந்தா, அன்னைக்கே திரும்பப் பேசியிருப்பேனே'ன்னு எழுதியிருக்காங்க."

அவர், "இருக்கிறதப் போடுங்க" என்றார். போட்டேன். மகளுக்கான புத்திமதிகள்தான். வீட்டுக்காரரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. டீச்சர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இப்போதெல்லாம் எதைப் பதிவு செய்தாலும் முதலில் பிரதி எடுத்துவிட்டு, பிரதியில்தான் கைவைக்கிறேன். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லித் தருகிறேன். ஏன் என்று சொல்வதில்லை.

அன்றைக்கு அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, காலையில் நான் வந்து பேப்பர் வாசிக்கட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"வேண்டாங்க சார். ரேடியோ கேட்டுக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.